மூப்பன் கையெழுத்து: எல்லை மலைகளில் அரசு மானியமும் கொள்முதல் விதிகளும்

பாலக்காடு மாவட்டத்து மலைப்பகுதியான அட்டப்பாடியின் கிழக்குக் கோடியில் ஆனைகட்டி இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. சோலையூர் பஞ்சாயத்தின் இருளர் ஊர்களில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சிமெண்டும் கம்பியும் பக்கத்தில் கிடைக்கும் இடம் அதுதான். அங்கே கிடைக்காவிட்டால் கோவை. கேரளத்துக்குள்ளேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அகளிக் கடைகளில் இல்லாததற்கு முக்காலி வழியாக மலையிறங்கி மன்னார்க்காடு போக வேண்டும். சொந்தப் பணத்தில் கட்டுகிறவர் இதில் இரண்டாவது யோசனை செய்ய மாட்டார். அரசு மானியத்தில் கட்டும் சங்கமோ ஊர்ச் சமிதியோ யோசித்தே ஆக வேண்டும். கடைக்கும் கட்டுமான இடத்துக்கும் நடுவே மாநில எல்லை கிடக்கிறது.

ஆனைகட்டிக் கடைக்காரர் கேரளத்துக்குள் சரக்கை அனுப்பினால் அது மாநிலம் கடந்த விற்பனை. ஜிஎஸ்டி சட்டப்படி தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறிய கடைகள் அப்படி விற்கக் கூடாது. பதிவே இல்லாத கடையும் விற்க முடியாது. உள்ளூர் விற்பனைக்குப் பதிவு தேவைப்படாத அளவு சின்ன வியாபாரமாக இருந்தாலும், எல்லை தாண்டிப் பொருள் விற்கப் பதிவு கட்டாயம். முழுப் பதிவுள்ள பெரிய கடை என்றால் ஒருங்கிணைந்த வரி போட்டு பில் தரலாம். லோடின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் சேர வேண்டும். ஆக, விலை குறைவாக, பக்கத்திலேயே, தெரிந்தவரிடம் கிடைக்கும் பொருளுக்குத் தணிக்கை ஏற்கும் ரசீது கிடைப்பதில்லை. ரசீது கிடைக்கும் பொருள் மலைக்குக் கீழே இருக்கிறது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 21ஆம் விதி ஒன்றைச் சொல்கிறது: நிதானமுள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தைச் செலவிடும்போது எவ்வளவு கவனமாக இருப்பாரோ, அதே கவனம் பொதுப்பணத்திலும் வேண்டும். இதைவிடச் சரியாகப் பொதுப்பணத்தைப் பற்றிச் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன். மற்ற விதிகளெல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றப் பிறந்தவை. பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் நடப்பது வேறு. கீழ்விதிகள் மேல்விதிக்கு எதிராக நிற்கின்றன. நிதானமுள்ள ஒருவர் தன் காசை எங்கே, எப்படிச் செலவிடுவாரோ, அங்கே அப்படிச் செலவிட மானியம் பெற்றவருக்கு வழியில்லாமல் போகிறது.

மானியம் பெறுகிறவர்மேல் என்னென்ன பொறுப்புகள் விழுகின்றன என்று பார்க்கலாம். பணத்தை எந்த வேலைக்குத் தந்தார்களோ அந்த வேலைக்கே செலவிட வேண்டும். நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். அலுவலகங்களில் ‘யூசி’ என்பார்கள். முந்தைய தொகைக்கு யூசி வராவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். வங்கியில் கிடந்த மானியத்துக்கு வட்டி வந்திருந்தால் அதையும் திருப்பிக் கட்ட வேண்டும். மானியத்தில் வாங்கிய சொத்தை அனுமதியில்லாமல் விற்கக் கூடாது, அதற்கெனப் பதிவேடு வைக்க வேண்டும். பொருள் வாங்குவதற்குப் படிக்கட்டுகள் உண்டு. 2017 விதிகளில் 25,000 ரூபாய் வரை கொட்டேஷன் வேண்டாம். அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை மூவர் குழு சந்தையில் விலை விசாரித்து வாங்கலாம். அதற்கும் மேலே டெண்டர். இந்த வரம்புகளைப் பின்னர் உயர்த்தினார்கள். கேரள அரசுக்குத் தனிக் கொள்முதல் கையேடு இருக்கிறது. பஞ்சாயத்துகள் அதன் வழி நடக்கின்றன. ஓர் அமைப்பின் செலவில் முக்கால் பங்காவது அரசுப் பணமாகவும், அந்தத் தொகை 25 லட்சத்துக்குக் குறையாமலும் இருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி இந்தியத் தலைமைக் கணக்காயரே அதன் கணக்கைத் தணிக்கை செய்வார்.

இவற்றில் ஒன்றுகூடத் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். அட்டப்பாடியின் பெயரைச் சொல்லி வந்த பணம் எத்தனை கை மாறி எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அங்கே எந்த ஊரிலும் எழும். கேள்வி கேட்க விதி வேண்டும். ஆனால் ஒவ்வொரு விதியும் ஒரு காகிதத்தில் போய் முடிகிறது. அந்தக் காகிதத்தைத் தயார் செய்யத் தெரிந்தவர் கைக்கு மானியம் நகர்ந்துவிடுகிறது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டு மானியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேரளத்தின் லைஃப் திட்டத்தில் வீட்டுக்குப் பொதுவாக 4 லட்சம் ரூபாய். எளிதில் போய்ச் சேர முடியாத பழங்குடிக் குடியிருப்புகளில் 6 லட்சம். பணம் தவணை தவணையாக வரும். தரைமட்டம் முடிந்தால் ஒன்று, லிண்டல் வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று. ஓவர்சியர் வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த தவணை. ஏமாற்றைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் கட்டத்தை முடிக்கும் அளவுக்குக் கையில் காசோ, கடனுக்குச் சரக்கு தரும் கடையோ உள்ளவருக்குத்தான் அது ஓடும். காட்டோர ஊர்க் குடும்பத்துக்கு இரண்டும் இல்லை. அப்போது காண்ட்ராக்டர் வருகிறார். முன்பணம் அவர் போடுகிறார், காகித வேலையை அவரே பார்த்துக்கொள்கிறார், தவணை வங்கிக்கு வந்ததும் பயனாளியை அழைத்துப் போய் எடுத்துக்கொள்கிறார். கணக்குப்படி பயனாளியே தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறார். உண்மையில் அவர் தன் பெயரையும் கைரேகையையும் மட்டும் தந்திருக்கிறார். அகளியை அடுத்த பூதிவழி ஊரில், காண்ட்ராக்டர் தவணைகளை வாங்கிக்கொண்டு தரமில்லாத அரைகுறை வீடுகளை விட்டுப் போனதாகச் சில குடும்பங்கள் புகார் செய்து, அது குற்ற வழக்காகவே ஆனது. தவணைகள் எடுக்கப்பட்டுவிட்டன. மழைக்கு ஒதுங்க முழு வீடு இல்லை.

கேரளம் இந்தச் சிக்கலை முன்பே அறிந்திருந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. காண்ட்ராக்டரைத் தவிர்ப்பதற்காகப் பயனாளிகளே குழு அமைத்து வேலையை எடுத்துச் செய்ய விதி செய்தார்கள். நோக்கம் நல்லது. பல இடங்களில் குழு பெயருக்கு இருந்தது, வேலை பழைய காண்ட்ராக்டர் கையிலேயே இருந்தது. இந்தப் பினாமி வழக்கத்தை மக்கள் திட்டத்தை நடத்தியவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழுவுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். எம்-புக் எனும் அளவுப் பதிவேட்டைப் படிக்கவும், ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதவும், எஸ்டிமேட்டில் ஒரு வரியைக் கேள்வி கேட்கவும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கொடுக்கவில்லை.

ஆள் கொடுத்த இடம் ஒன்று உண்டு. அதுவும் அட்டப்பாடியிலேயே.

மண்ணரிப்பும் காடழிப்பும் அட்டப்பாடியின் கிழக்குச் சரிவுகளைப் பொட்டலாக்கிய பிறகு, 1996 ஜனவரியில் ஜப்பான் அரசின் கடனுதவியோடு ஒரு பெரிய மீட்புத் திட்டத்துக்கு ஒப்பந்தம் ஆனது. மதிப்பு சுமார் 219 கோடி ரூபாய். நடத்தியது அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம். அங்கே எல்லோர் வாயிலும் ‘அஹாட்ஸ்’. 745 சதுர கிலோமீட்டர் நிலம், அகளி, புதூர், சோலையூர் என மூன்று பஞ்சாயத்துகள், இருளர், முடுகர், குறும்பர் வாழும் 190க்கு மேற்பட்ட ஊர்கள். 2000க்குப் பிறகு பத்து ஆண்டுகள் வேலை நடந்தது. மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள். வறண்டு கிடந்த கொடுங்கரைப் பள்ளத்தில் மீண்டும் தண்ணீர் ஓடியதை ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது வேலையை யார் செய்தார்கள் என்பது. ஒவ்வோர் ஊரிலும் ஊர் விகசன சமிதி அமைத்து, வேலையையும் பணத்தையும் அதன் பெயரில் ஒப்படைத்தார்கள். பழங்குடி வீடுகளைக் காண்ட்ராக்டர் இல்லாமல் சமிதிகள் கட்டின. கல்லும் மணலும் சிமெண்டும் சமிதி வாங்கியது, கூலி ஊருக்குள்ளேயே பிரிந்தது.

சமிதிக்கு அது எப்படி முடிந்தது? அஹாட்ஸின் பொறியாளர்களும் களப்பணியாளர்களும் அட்டப்பாடியிலேயே இருந்தார்கள். எஸ்டிமேட்டைச் சமிதியின் முன் விளக்கினார்கள், அளவெடுக்கும்போது உடன் நின்றார்கள், கேஷ் புக் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். விதியை யாரும் தளர்த்தவில்லை. வெளிநாட்டுக் கடன் என்பதால் கண்காணிப்பு கூடுதலாகவே இருந்தது. விதியை நிறைவேற்றும் திறமைக்குத் திட்டமே செலவு செய்தது, அவ்வளவுதான். அஹாட்ஸ்மேல் குறைகளும் உண்டு. சமிதிகள் திட்டப் பணத்தோடு கட்டுண்டிருந்தன. 2010ஐ ஒட்டி நிதி நின்றதும் பணியாளர்கள் கலைந்தார்கள், பெரும்பாலான சமிதிகள் ஓய்ந்தன. பத்தாண்டுகள் பழகிய கைகளை அடுத்த திட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. அட்டப்பாடிக்கு நேர்ந்த இழப்புகளில் இதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

மூன்றே ஆண்டுகளில், 2013இல், ஊட்டக்குறைவால் குழந்தைகள் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. சமூகச் சமையலறைகள் தொடங்கின. குடும்பஸ்ரீ வழியே தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் சிறப்புத் திட்டம் வந்தது, ஊர்ச் சமிதிகள் வேறு உருவில் மறுபடி முளைத்தன. சமையலறைக்கு அரிசியும் பருப்பும் அரசு நிறுவனமான சப்ளைகோவில் வாங்கிவிடலாம், பில் உண்டு. ராகியும் சாமையும் துவரையும் அதே ஊரின் மலைக்காட்டில் விளைகின்றன. அவற்றை விற்கும் கிழவியிடம் பில் கேட்க முடியாது. சட்டம் இதில் கருணையோடுதான் இருக்கிறது. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் உழவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. எடை, விலை, தேதி எழுதி, விற்றவர் கையெழுத்தோ ரேகையோ வைத்து, இரண்டு சாட்சியோடு ஒரு வவுச்சர் போட்டால் நியாயமாக அது போதும். ஆனால் ‘ஆடிட்டில் வருமே’ என்ற பயம் சட்டத்தைவிட வலுவானது. கீழ்மட்ட ஊழியர்கள் அச்சிட்ட பில்லைத் தேடுவது அந்தப் பயத்தால்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்சேபணை வந்தால் பணத்தைக் கட்ட வேண்டியவர்கள் அவர்கள்.

இடுக்கிப் பக்கம் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரித்து 2010இல் உருவான இடமலக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்து. முழுக்க முதுவான் மக்கள். தமிழுக்கு மிக நெருங்கிய பேச்சு. ராஜமலை தாண்டிப் பெட்டிமுடி வரை வண்டி. அதற்கப்பால் காட்டுப் பாதை. பஞ்சாயத்து அலுவலகமே பல ஆண்டுகள் தேவிகுளத்தில் இருந்து இயங்கியது. இங்கே சிமெண்ட் மூட்டை தலைச்சுமையாகவும், பாதை இடம் கொடுத்தால் ஜீப்பிலும் போக வேண்டும். குடிக்குப் போய்ச் சேரும்போது மூட்டை விலையைவிடச் சுமைகூலி கூடிவிடும்.

கேரளத்தில் பொதுப்பணி எஸ்டிமேட்டுகள் டெல்லி விலைப்பட்டியலை அடிப்படையாக வைத்து, இடத்துக்கேற்ற குறியீட்டைச் சேர்த்து, ‘பிரைஸ்’ என்ற மென்பொருளில் போடப்படுகின்றன. சாலை ஓரத்துக் கட்டடத்துக்கு இது பொருந்தும். இடமலக்குடிக்கு ஒவ்வொரு தூக்குக்கும் தூரத்துக்கும் தனியாக விலை கணக்கிட்டு, அதை மேலிடம் ஏற்க வேண்டும். ஏற்கத் தயங்கினால் எஸ்டிமேட் குறைந்த தொகையில் நிற்கும், டெண்டருக்கு ஆள் வராது, மறு டெண்டர். அதற்குள் மழை.

காலண்டரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. திட்ட ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி, நிதி விடுவிப்பு எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓயும்போது வடகிழக்கு. மேற்குச் சரிவின் மலைக்குடிகளில் கல்லும் மணலும் ஏற்ற முடிவது டிசம்பரிலிருந்து மே வரைதான். அந்த ஆறு மாதத்தின் நடுவே மார்ச் 31 வந்து விழுகிறது. ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று பொது நிதி விதிகளே 62ஆம் விதியில் எச்சரிக்கின்றன. மலையில் வேறு மாதமே கிடைப்பதில்லை. மார்ச்சில் அவசரமாக முடித்தால் அந்த எச்சரிக்கைக்கு இலக்காவார்கள்; முடிக்காவிட்டால் பணம் திரும்பிப் போகும். காடும் மலையும் சூழ்ந்த பஞ்சாயத்துகளுக்கு பணத்தைச் செலவிடும் கடைசித் தேதியை மே இறுதியோடு இணைத்து வைத்தால் எந்த விதியின் நோக்கமும் கெடாது.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் கதையும் இதோடு சேர்ந்தது. பீர்மேடு, தேவிகுளம் தாலூகாக்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழும் லயங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன. கேரள பட்ஜெட்டில் லயங்களைப் புதுப்பிக்க 10 கோடி ரூபாய் ஒதுக்கியதாக அறிவிப்பு வந்தது. அடுத்த பட்ஜெட்டிலும் வந்தது. பணம் லயத்தை எட்டவில்லை. வீடு கட்டித் தருவதை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. அவர் சொத்தில் அரசுப் பணத்தைப் போட்டால் அந்தச் சொத்து யாருடையது, பராமரிப்பு யார் பொறுப்பு, தோட்டம் மூடிக் கிடந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்று எந்த நிதி அதிகாரியும் கேட்பார்; கேட்கவும் வேண்டும். பதில் தயாராக இல்லாமல் பணத்தை மட்டும் அறிவித்ததுதான் தவறு. ஒழுகும் கூரையின் கீழ் ஒவ்வொரு மழைக்காலத்தையும் கழித்தவர்கள், அந்தக் கேள்விகளைக் கேட்கக்கூட இடம் பெறாத தொழிலாளர்கள்.

மொழியும் இதில் ஒரு வேலி. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளலாம், பதிலும் அம்மொழியில் பெறலாம் என்கிறது. சித்தூர் தாலூகாவின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதியிலும், இடுக்கியின் தோட்டப் பகுதிகளிலும் இது உயிருள்ள உரிமை. ஆனால் டெண்டர் அறிவிப்பும் ஒப்பந்தப் பத்திரமும் யூசி படிவமும் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோதான் கைக்கு வருகின்றன. தான் கையெழுத்துப் போடும் தாளில் என்ன பொறுப்பை ஏற்கிறோம் என்று தெரியாத ஒருவரிடம் அந்தப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது.

பொறுப்பை நிறைவேற்ற ஆகும் செலவுக்கு அமெரிக்கக் கூட்டரசின் மானிய விதிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. மானியம் பெறும் அமைப்பு தன் நிர்வாகச் செலவுக்கென, தனி ஆதாரம் எதுவும் காட்டாமல், நேரடிச் செலவுகளின் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். பத்து சதவீதமாக இருந்ததை 2024 அக்டோபர் முதல் பதினைந்தாக உயர்த்தினார்கள். கணக்கர், தணிக்கையாளர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் என்பதை அந்த விதி ஒப்புக்கொள்கிறது. இங்கே ஓர் ஊர்ச் சமிதியிடம் ஆறு பதிவேடு கேட்கிறோம். பதிவேடு எழுதுகிறவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்று கேட்டால் பதில் இல்லை. அஹாட்ஸ் காலத்தில் அந்தத் தலைப்பு இருந்தது. இப்போதும் ஒவ்வொரு மானிய உத்தரவிலும் அதை ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

இன்னொரு மாற்றத்துக்குச் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரிவாக்கிய 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், சுருக்கமாக ‘பெசா’, அதன் 4ஆம் பிரிவில் ஒரு கடமையை விதிக்கிறது: திட்டங்களுக்குச் செலவிட்ட பணம் முறையாகப் பயன்பட்டது என்ற சான்றைப் பஞ்சாயத்து கிராம சபையிடமிருந்து பெற வேண்டும். யூசியில் ஊரே கையெழுத்துப் போடுகிறது என்று பொருள். ஆனால் பெசா ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். கேரளத்தில் அப்படி அறிவித்த பகுதி ஒன்றுகூட இல்லை. அட்டப்பாடியையும் இடமலக்குடியையும் சேர்க்கும் பேச்சு பல ஆண்டுகளாகப் பேச்சாகவே இருக்கிறது. இன்று யூசியில் அலுவலர் கையெழுத்தும் ஆடிட்டர் முத்திரையும் போதும். வீடு நிற்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று தெரிந்தவர்களின் கையெழுத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

அந்தக் கையெழுத்துக்கான அமைப்பு ஊரில் எப்போதும் இருந்திருக்கிறது. இருளர் ஊரில் மூப்பன் தலைவர், வண்டாரி பொதுப்பணத்தைக் காப்பவர், குறுதலை உதவியாளர், மண்ணுக்காரன் விதைப்பும் நிலமும் பார்ப்பவர். ஊர்ப் பணத்துக்கு ஒருவர் பொறுப்பு, அவர் எல்லோர் முன்னும் பதில் சொல்ல வேண்டும் என்பது அட்டப்பாடிக்கு ஜப்பான் கடனோடு வந்த புது யோசனை அல்ல. கேரளத்தில் ஊர்க்கூட்டத்துக்கு அரசு அங்கீகாரமும் உண்டு. திட்டங்கள் அங்கே வாசிக்கப்படுகின்றன. வாசிப்பதோடு நின்றுவிடுகிறது.

ஐந்தாம் அட்டவணை அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த மானியத்தையும் எந்த நிபந்தனையோடும் தரும் அதிகாரம் மாநில அரசுக்கு இப்போதே இருக்கிறது. பழங்குடி ஊருக்கான ஒவ்வொரு மானிய உத்தரவிலும் கடைசித் தவணைக்கு முன் ஊர்க்கூட்டத்தின் சான்று வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். கூட்டத்தில் செலவுக் கணக்கு இருளர் மொழியிலோ முதுவான் பேச்சிலோ வாசிக்கப்பட வேண்டும். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, ஏன் அங்கே என்று யாரும் கேட்கலாம் என்று இருக்க வேண்டும். ஆனைகட்டியில் வாங்கியது மன்னார்க்காட்டில் வாங்குவதைவிட மலிவா, சுமைகூலி நியாயமா என்று தணிக்கையாளரால் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஊர் சொல்லும். கூட்டத்தில் ஏற்ற கைவவுச்சரைத் தணிக்கை ஏற்க வேண்டும், ஏற்காத பில்லை விசாரிக்க வேண்டும். கேரள மாநிலத் தணிக்கைத் துறை இதை அட்டப்பாடியின் மூன்று பஞ்சாயத்துகளிலும் இடமலக்குடியிலும் அடுத்த வேலைக்காலத்திலேயே, டிசம்பர் முதல் மே வரை, நடத்திப் பார்க்கலாம்.